க்ரானிக்கிள் யாரோட ஆல்பம்?

அண்ணா வணக்கம்,

புதுசா ராக் கேட்க ஆரம்பிக்கிறவங்களுக்குன்னு நீங்க போட்ட லிஸ்ட்ட பார்த்தேன். மத்த பேண்ட் எல்லாத்துக்கும் ஒழுங்கா ஸ்டூடியோ ஆல்பம் சொல்லிட்டு க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவலுக்கு மட்டும் ‘க்ரானிக்கிள்’னு க்ரேட்டஸ்ட் ஹிட்ஸ சொல்லியிருக்கீங்க. எனக்கு இது சரியா படல. பேண்ட் உடைஞ்சது 1972ல, இந்த ஆல்பம் வந்தது 1976ல, அப்போ பேண்டுன்னே ஒண்ணு கிடையாது. கம்பெனிக்காரன் கையில கெடந்த பாட்ட எல்லாம் அள்ளிப் போட்டு கல்லா கட்டுன சரக்கு, அவ்ளோதான். அந்தப் பாட்டெல்லாம் எழுதுன ஜான் ஃபோகர்ட்டியே ரொம்ப வருஷம் அதையெல்லாம் பாட மாட்டேன்னு இருந்தாருன்னு படிச்சிருக்கேன். அவருக்கே ஆகாத கம்பெனி போட்ட தொகுப்ப ஒரு புது ஆளுக்கு முதல்ல கேளுன்னு சொல்றது நியாயமா? ‘காஸ்மோஸ் ஃபேக்டரி’ இருக்கு, ‘வில்லி அண்ட் த புவர் பாய்ஸ்’ இருக்கு. அதுவும் இப்ப ஆளாளுக்கு ப்ளேலிஸ்ட் போட்டுக்கலாம், இன்னும் எதுக்கு ஹிட்ஸ் ஆல்பம்? சண்டைக்கு எழுதலண்ணா, தெரிஞ்சுக்கதான் கேக்குறேன். இப்ப வாங்குனா காசு யாருக்குப் போகுதுன்னும் சொல்லுங்க.

ஒரு வாசகர், ஈரோடு

தம்பி,

சண்டைக்கே எழுதியிருந்தாலும் தப்பில்ல. கல்லா கட்டுன கதை முழுசா உண்மை, இன்னும் சொல்லப்போனா நீங்க கம்மியாதான் சொல்லியிருக்கீங்க. 1972 அக்டோபர்ல பேண்ட் முடிஞ்சுதுன்னு அறிவிப்பு வருது, அந்த வருஷம் முடியறதுக்குள்ள அவங்க பாட்ட வெளியிட்ட கம்பெனி ஃபேன்டசி ரெக்கார்ட்ஸ் ‘க்ரீடன்ஸ் கோல்டு’ன்னு ஒரு தொகுப்ப எறக்கிட்டாங்க, அடுத்த வருஷமே ‘மோர் க்ரீடன்ஸ் கோல்டு’. 1980ல ‘த ராயல் ஆல்பர்ட் ஹால் கான்சர்ட்’னு ஒரு லைவ் ஆல்பம் போட்டாங்க, லண்டன்ல எடுத்ததுன்னு நம்பி ஜனங்க வாங்கிட்டுப் போனா அது லண்டனே இல்ல, 1970 ஜனவரில கலிஃபோர்னியா ஓக்லண்ட்ல நடந்த கச்சேரி. அப்புறம் சத்தமில்லாம ‘த கான்சர்ட்’னு பேர மாத்தி அதையே வித்தாங்க. தன்கிட்ட இருக்குற டேப்பு எந்த ஊர்ல எடுத்ததுன்னு கூட பாக்காம கவர் அடிக்கிற கம்பெனி அது, அவங்க நல்ல மனசோட க்ரானிக்கிள் போட்டாங்கன்னு நான் சொல்லவே மாட்டேன்.

ஆனா யார் எதுக்குப் போட்டாங்கன்றது ஒரு கேள்வி, போட்டது எப்படி இருக்குன்றது வேற கேள்வி.

சிசிஆர், அதான் க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல், அடிப்படையில சிங்கிள்ஸ் பேண்ட். அவங்க காலத்துல மத்த பெரிய பேண்டுங்க எல்லாம் ஆல்பம்தான் கலை, சிங்கிள்னா சின்னப் பசங்க சமாச்சாரம்னு போய்க்கிட்டிருந்தப்ப இவங்க மூணு நிமிஷப் பாட்டுலயே நின்னாங்க. 1969 ஆரம்பத்துல இருந்து 1970 ஜூலை வரைக்கும், சுமாரா ஒண்ணரை வருஷத்துல ஏழு சிங்கிள். அந்தக் காலத்து சிங்கிள்னா சின்ன வட்டத்தட்டு, முன்பக்கம் ஹிட்டாகணும்னு போடுற பாட்டு, பின்பக்கம் பெரும்பாலும் ஒப்புக்கு ஒண்ணு. இவங்க தட்ட திருப்பிப் போடுங்க, ‘பேட் மூன் ரைசிங்’ பின்னாடி ‘லோடை’, ‘க்ரீன் ரிவர்’ பின்னாடி ‘கமோஷன்’, ‘டவுன் ஆன் த கார்னர்’ பின்னாடி ‘ஃபார்ச்சுனேட் சன்’, ‘ட்ராவலின் பேண்ட்’ பின்னாடி ‘ஹூல் ஸ்டாப் த ரெய்ன்’. பின்பக்கத்துப் பாட்டுங்கள மட்டும் வச்சே இன்னொரு பேண்ட் வாழ்க்கைய ஓட்டியிருக்கும். க்ரானிக்கிள்ல இருக்குற 20 பாட்டுல 13 இந்த ஏழு தட்டுல இருந்து வந்ததுதான், அதுவும் வெளிவந்த வரிசையில, முன்பக்கம் பின்பக்கம்னு ஜோடி ஜோடியா. அதனாலதான் பேரு க்ரானிக்கிள், வருஷ வாரியா எழுதுன கணக்கு. மத்த பேண்ட் ஹிட்ஸ் ஆல்பத்துல எட்டாவது பாட்டும் ஒம்பதாவது பாட்டும் சொந்தமில்லாம பக்கத்து பக்கத்துல உக்காந்திருக்கும், இதுல அப்படி இல்ல, 1969ல ரேடியோ கேட்ட ஒருத்தனுக்கு எந்த வரிசையில வந்துச்சோ அதே வரிசை உங்களுக்கும் வருது.

இதுல ஒரு வேடிக்கை, இவங்களுக்கு அமெரிக்க பில்போர்டு லிஸ்ட்ல நம்பர் ஒன்னே கிடையாது. அஞ்சு சிங்கிள் ரெண்டாவது இடம் வரைக்கும் வந்து நின்னுடுச்சு. நம்பர் ஒன் ஒண்ணு கூட இல்லாத க்ரேட்டஸ்ட் ஹிட்ஸ், அமெரிக்காவுல மட்டும் கோடிய தாண்டி வித்து டைமண்ட் வாங்கிடுச்சு.

சரி, நீங்க கேட்ட நியாயம் அநியாயத்துக்கு வர்றேன். அதுக்கு ஆல்பத்தோட கடைசி பகுதிய கொஞ்சம் கிட்ட இருந்து பாக்கணும். 1971 ஆரம்பத்துல டாம் ஃபோகர்ட்டி, ஜானோட சொந்த அண்ணன், ரிதம் கிட்டார் வாசிச்சவர், பேண்ட விட்டுப் போறார். எல்லாத்தையும் தம்பியே எழுதறான், தம்பியே பாடறான், தம்பியே முடிவெடுக்கறான்னு கசப்பு. ‘ஹேவ் யூ எவர் சீன் த ரெய்ன்’ அந்த சமயத்துல வந்தது, பேண்ட் உள்ளுக்குள்ள உடையறத பத்தி எழுதுன பாட்டுதான்னு ஜானே பிற்பாடு சொல்லியிருக்கார், அத தெரியாம நம்ம பசங்க மழை பேஞ்சா ஸ்டேட்டஸ்ல வைக்கிறாங்க, வைக்கட்டும். க்ரானிக்கிள்ல அதுக்கு ரெண்டு பாட்டு தள்ளி ‘ஸ்வீட் ஹிட்ச்-ஹைக்கர்’, அதுல டாம் கிடையாது, அத சொல்ல ஒரு அடையாளமும் கிடையாது, பாட்டு பாட்டா ஓடிடுது.

டாம் போனதுக்கப்புறம் இன்னொரு கூத்து. கடைசி ஆல்பம் ‘மார்டி க்ரா’ (1972), அதுல பேஸ் வாசிச்ச ஸ்டூ குக்கும் ட்ரம்ஸ் வாசிச்ச டக் க்ளிஃபோர்டும் தங்க பங்குக்கு பாட்டு எழுதி தாங்களே பாடுனாங்க. எல்லாருக்கும் சம உரிமைன்னு அவங்க கேட்டாங்கன்னு ஜான் சொல்றார், இல்ல ஜான்தான் எங்க மேல திணிச்சார்னு அவங்க சொல்றாங்க, இன்னிக்கு வரைக்கும் தீராத பஞ்சாயத்து. இங்கதான் பாருங்க, அது வரைக்கும் பெரும்பாலும் முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் எடுத்த க்ரானிக்கிள், கடைசி ரெண்டு சிங்கிள்ல பின்பக்கத்த விட்டுடுது. ‘ஸ்வீட் ஹிட்ச்-ஹைக்கர்’ பின்னாடி இருந்தது ஸ்டூ பாடுன ‘டோர் டு டோர்’, ‘சம்டே நெவர் கம்ஸ்’ பின்னாடி இருந்தது டக் பாடுன ‘டேரின் அப் த கன்ட்ரி’. ரெண்டும் இல்ல. கம்பெனி யாருக்கும் சப்போர்ட் பண்ணி செஞ்சிருக்காது, அந்தப் பாட்டுங்க விக்காதுன்னு தெரியும், அவ்ளோதான். கேட்டுப் பார்த்தா நீங்களும் விட்டுடுவீங்க, நான் ரெண்டு தடவைக்கு மேல கேட்டதில்ல.

இப்ப நான் சொல்ல வர்றது இதான். நாலு பேர்ல யார் கையில குடுத்திருந்தாலும் இந்த ஆல்பம் வந்திருக்காது. ஸ்டூவும் டக்கும் போட்டிருந்தா தங்க பாட்டு ஒண்ணாவது வேணும்னு இருந்திருப்பாங்க, அது மனுஷ இயல்பு. ஜான் கையில குடுத்தா என்ன ஆகும்னு 2005ல பார்த்துட்டோம், ‘த லாங் ரோட் ஹோம்’னு ஒரு தொகுப்பு வந்துச்சு, அதுல சிசிஆர் பாட்டும் அவர் தனியா போட்ட பாட்டும் கலந்து வருது, கேட்டா ஒரு தனி மனுஷனோட பயணம் மாதிரி இருக்கே தவிர நாலு பேர் சேந்து வாசிச்ச பேண்ட் மாதிரி இல்ல. எல் செரிட்டோன்ற ஊர்ல ஸ்கூல்ல படிக்கும்போதே ஜானும் ஸ்டூவும் டக்கும் சேந்து வாசிக்க ஆரம்பிச்சவங்க, டாம் அப்புறம் சேந்துக்கிட்டார், பத்து வருஷத்துக்கு மேல ஒண்ணா வாசிச்ச பசங்க அவங்க. பங்காளி சண்டையில சொத்து பிரிக்கும்போது வெளியாள் ஒருத்தன் வந்து பத்திரத்த தேதி வாரியா அடுக்கி வச்ச மாதிரிதான் க்ரானிக்கிள். அந்த வெளியாளே அதுல ஒரு பங்காளிக்கு ஜென்ம விரோதின்றது வேற விஷயம்.

அந்த விரோதத்தையும் சொல்லிடறேன், இல்லனா உங்க கோவத்துக்கு பதில் ஆகாது. ஃபேன்டசி ஓனர் சால் ஜென்ட்ஸ், சினிமாக்காரங்களுக்கு தெரிஞ்ச பேரு, ஆஸ்கர் வாங்குன ‘ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்’ படத்தோட தயாரிப்பாளர்கள்ல ஒருத்தர். க்ரானிக்கிள் வந்த அதே 1976 ஆரம்பத்துலதான் அந்த ஆஸ்கரும் வந்துச்சு. சிசிஆர் சம்பாதிச்சுக் குடுத்த காசுலதான் அந்த கம்பெனியே பெருசாச்சு, ஆனா ஜான் போட்ட ஒப்பந்தம் அப்படி, பாட்டோட உரிமையும் கம்பெனிகிட்ட, மேல இன்னும் ஏகப்பட்ட பாட்டு பாக்கி வேற. அதுல இருந்து வெளிய வர தன் சிசிஆர் ராயல்டியவே விட்டுக் குடுத்தார். க்ரானிக்கிள் வித்துக்கிட்டே இருந்துச்சு, பாடுனவருக்கு ரொம்ப வருஷம் அந்த ராயல்டி இல்ல, யோசிச்சுப் பாருங்க. நம்மூர்ல இளையராஜாவும் ஆடியோ கம்பெனிகளும் கோர்ட்டுக்குப் போன சேதிய தொடர்ந்து படிச்சவங்களுக்கு இதோட வாசனை தெரியும்.

1985ல ‘சென்டர்ஃபீல்டு’ ஆல்பத்தோட ஜான் திரும்பி வந்தார், ஹிட்டாச்சு. உடனே ஃபேன்டசி கேஸ் போட்டுச்சு, அந்த ஆல்பத்துல இருந்த ‘த ஓல்டு மேன் டவுன் த ரோடு’ எங்ககிட்ட இருக்குற ‘ரன் த்ரூ த ஜங்கிள்’ பாட்டோட காப்பின்னு. ரெண்டையும் எழுதுனவர் ஒரே ஆள்! தன்னையே தான் காப்பி அடிச்சதா கோர்ட்ல நின்னார் அந்த மனுஷன். 1988ல விசாரணையில கிட்டாரோட சாட்சிக் கூண்டுல உக்காந்து வாசிச்சுக் காட்டி, என் ஸ்டைலே இப்படித்தான்யா, நான் எப்படி வாசிச்சாலும் என்ன மாதிரிதான் இருக்கும்னு புரிய வச்சு ஜெயிச்சார். வக்கீல் செலவு யார் குடுக்கறதுன்னு அதுக்கு மேல சண்டை, அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1994ல ஜான் பக்கம் தீர்ப்பு. காப்பிரைட் சட்டம் படிக்கிற பசங்க இன்னிக்கும் அந்த கேஸ படிக்கிறாங்க.

இவ்ளோ ஆனதுக்கப்புறம் பழைய பாட்ட பாட மாட்டேன்னு இருந்ததுல என்ன ஆச்சரியம்? மாத்துனது பாப் டிலன். 1987ல நார்த் ஹாலிவுட்ல பாலமினோ க்ளப்புல ஒரு ராத்திரி டிலன், ஜார்ஜ் ஹாரிசன் எல்லாம் மேடையில இருந்தப்ப, நீ இப்ப ‘ப்ரௌட் மேரி’ பாடலனா ஊரே அது டினா டர்னர் பாட்டுன்னு நெனச்சுக்கும்னு டிலன் சொன்னதா ஜானே சொல்லியிருக்கார். பாடுனார். அதே வருஷம் ஜூலை 4ஆம் தேதி வியட்நாம் போர் வீரர்களுக்காக நடந்த கச்சேரியில சிசிஆர் பாட்ட வரிசையா பாடுனார். ஆனா பழைய ஆளுங்களோட மட்டும் இல்ல. டாம் 1990ல இறந்துட்டார், அண்ணன் தம்பி கடைசி வரைக்கும் சரியாகல. 1993ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல பேண்டுக்கு மரியாதை பண்ணப்ப கூட ஸ்டூ, டக் ரெண்டு பேரும் கீழ இருக்க, ஜான் மேடையில ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோட வாசிச்சார். ஜான் மேல எனக்கு எவ்ளோ மரியாதை இருந்தாலும் அது எனக்குப் பிடிக்கல.

காசு யாருக்குப் போகுதுன்னு கேட்டீங்க. 2004ல கான்கார்டு கம்பெனி ஃபேன்டசிய வாங்குச்சு, வாங்குன கையோட ஜானுக்கு ராயல்டிய திரும்பக் குடுத்தாங்க. 2023ல பாட்டு உரிமையில பெரும்பங்கு அவர் கைக்கே வந்துடுச்சு. அதனால இப்ப க்ரானிக்கிள் வாங்குனா அவருக்கு துரோகம் பண்றோம்ற கவலை வேண்டாம். 2025ல அவரே தன் பசங்களோட சேந்து பழைய பாட்டுங்கள திரும்ப ரெக்கார்ட் பண்ணி ‘லெகசி’ன்னு போட்டார். எண்பது வயசுல அந்தக் குரல் அவ்ளோ நிக்குதேன்னு மலைச்சுப் போனேன், ஆனா ‘க்ரீன் ரிவர்’ வரும்போது ரெண்டு வெர்ஷனையும் மாத்தி மாத்தி போட்டுப் பாருங்க. கிட்டார் அதே கிட்டார்தான், ட்ரம்ஸ்லதான் விஷயம். டக் க்ளிஃபோர்டு ஒரு அடி கூட அதிகமா அடிக்காம, தாளத்த முன்னாடியும் தள்ளாம பின்னாடியும் இழுக்காம அடிப்பார், அவர் கூட ஸ்டூவோட பேஸ் ஒட்டிக்கிட்டே போகும், நடுவுல டாமோட கிட்டார் ‘சக் சக்’னு ஒரே மாதிரி, தனியா கேட்டா ஒண்ணுமே இல்லாத மாதிரி. பழைய ரெக்கார்டிங்ல அந்த ஓட்டத்த குடுத்துட்டுப் போனது அந்த மூணு பேர், புதுசுல எல்லாம் சுத்தமா இருக்கு, அந்த ஓட்டம் இல்ல.

க்ரானிக்கிள்ல எனக்கும் சண்டை உண்டு. ‘ஐ ஹேர்ட் இட் த்ரூ த க்ரேப்வைன்’ முழு 11 நிமிஷம் எதுக்கு? பேண்ட் இருந்தப்ப அது சிங்கிளாவே வரல, 1976ல இந்த ஆல்பத்த விக்கதான் வெட்டி சிங்கிளா போட்டாங்க. ஆனா எட்டு நிமிஷத்துக்கு மேல ஓடுற ‘சூசி க்யூ’வ மட்டும் பாதியில ஃபேட் பண்ணிட்டாங்க. அதைவிட ‘பார்ன் ஆன் த பாயூ’ இல்லாதது பெரிய அநியாயம், ‘ப்ரௌட் மேரி’ தட்டோட பின்பக்கம் அது, இவங்க கணக்குப்படியே வந்திருக்கணும், அத 1986ல வந்த ரெண்டாவது வால்யூமுக்கு ஒதுக்கி வச்சுட்டாங்க.

ப்ளேலிஸ்ட் பத்தி சண்டை போட விரும்பல, போட்டுக்கங்க, ஆனா ஷஃபிள்ல மட்டும் போடாதீங்க. க்ரானிக்கிள வரிசையா ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் நீங்க சொன்ன ‘வில்லி அண்ட் த புவர் பாய்ஸ்’, அடுத்து ‘காஸ்மோஸ் ஃபேக்டரி’. ‘மார்டி க்ரா’வ கடைசியா வச்சுக்கங்க, ‘டோர் டு டோர்’ கேட்டுட்டு நான் சொன்னது தப்புன்னு தோணுச்சுன்னா எழுதுங்க, அப்ப சண்டைக்கே எழுதலாம்.