கத்தாரில் ‘மெக்கானிக்கல் பொறியியலாளர்’ வேலை: முற்பணம் கொடுக்கலாமா?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: மகன் வளிச்சீராக்கித் துறையில் என்.வி.கியூ. (தேசிய தொழிற்றகைமை) 5ஆம் மட்டம் முடித்திருக்கிறார். கத்தாரில் கட்டடப் பராமரிப்பு நிறுவனமொன்றில் ‘மெக்கானிக்கல் பொறியியலாளர்’ வேலை தயாராக இருப்பதாகச் சொல்லி, தரகர் ஒருவர் கடவுச்சீட்டையும் முற்பணத்தையும் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். வேலை உண்மையாக இருக்கக்கூடும். தரகர் அதற்குச் சூட்டிய பெயர் உண்மையல்ல. என்.வி.கியூ. 5 என்பது டிப்ளோமா, பட்டத்துக்கு நிகரானது 7ஆம் மட்டம். கத்தாரில் பொறியியலாளராகப் பதிவு பெறப் பட்டம் கேட்பார்கள். ஆகவே உங்கள் மகனுக்குக் கிடைக்கக்கூடியது டெக்னீசியன் வேலை. அதில் குறைவொன்றுமில்லை, ஆனால் பொறியியலாளர் சம்பளத்தை நம்பிக் காணியை ஈடுவைத்துவிட்டு டெக்னீசியன் சம்பளத்தில் கடன் கட்டுவதுதான் வன்னியில் பல குடும்பங்களை முறித்திருக்கிறது.

இரண்டு வேலைகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்கிறேன். பெரிய கட்டடத்தில் சில்லர் இயந்திரம் ஏறத்தாழ 7 பாகையில் குளிர்ந்த நீரை அனுப்புகிறது; அது அறைகளின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு 12 பாகையளவில் திரும்ப வேண்டும். 9 பாகையிலேயே திரும்புகிறதென்றால் நீர் போதிய வெப்பத்தை வாங்கவில்லை. டெக்னீசியன் காற்று வடிகட்டியையும், குளிர்நீர் ஓடும் குழாய்ச் சுருளையும் கழுவிவிடுவார். சுருள் அழுக்கா, வால்வு திறந்தே கிடக்கிறதா, பம்பு தேவைக்கு மேல் நீரைத் தள்ளுகிறதா என்று அளவுகளைப் பார்த்து முடிவெடுத்து, அதற்குக் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்பவர் பொறியியலாளர். நம் கிணற்று நீரால் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் கட்டியைப் போல, நீரால் குளிரூட்டப்படும் சில்லரின் குழாய்களிலும் சுண்ணாம்பு படிந்து மின்கட்டணத்தை ஏற்றும்; அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்ட டெக்னீசியன் விரைவில் மேற்பார்வையாளர் ஆவார்.

தரகருக்கு வருவோம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்ற முகவர் நிலையம் எது, அந்த வேலைக்கான அனுமதி இருக்கிறதா என்று 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து நீங்களே கேளுங்கள். “கொழும்பிலே எங்கட ஆள் இருக்கிறார்” என்பது அனுமதிப்பத்திரமல்ல. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடமும் ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கின்றன. எனினும் ஒப்பந்தமொன்றை வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு மணி நேர வகுப்புக்கு மட்டும் எவருக்கும் நேரமில்லை, தரகருக்கோ வீடு வீடாக வர நேரமிருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. அங்கே வேலை செய்யும் மைத்துனரோ மச்சானோ தம் நிறுவனத்திலிருந்து நேரடியாக விசா எடுத்துத் தந்தால் முகவர் தேவையில்லை. அப்போதும் புறப்படுமுன் பணியகத்தில் பதிவு செய்தாக வேண்டும். உறவினர் என்ற நம்பிக்கையில் பதிவை விட்டுவிட்டால், சம்பளம் நிறுத்தப்பட்டாலோ விபத்து நேர்ந்தாலோ பணியகத்தின் காப்புறுதியையும் உதவியையும் கோர முடியாமற் போகும். உறவினர் நல்லவராக இருக்கலாம். அவருடைய முதலாளியை நீங்கள் அறியமாட்டீர்கள்.

எவ்வழியில் போனாலும், கொழும்பிலுள்ள கத்தார் விசா நிலையத்தில் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் தொழிற்பெயர், அடிப்படைச் சம்பளம், தங்குமிடம் ஆகியவை வாய்மொழியாகச் சொல்லப்பட்டவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று மகன் பார்க்கட்டும். ஒத்திராவிட்டால் கையொப்பமிடாமல் திரும்பி வரட்டும். சான்றிதழ்களை உறுதிப்படுத்த யாழ்ப்பாணத்திலுள்ள, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் அலுவலகத்துக்கு அவரே போகலாம்; மூலப்பிரதிகளைத் தரகரின் கையில் கொடுக்க வேண்டியதில்லை.