சிலை வேண்டாம், துணி போதும்

கேள்வி: புரட்சியில் நின்ற பெண்களுக்குச் சிலைதான் வைக்க வேண்டுமா? - வாசகி, பத்தமடை

பதில்: அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சிக்குப் பின் டப்ளினின் ரிச்மண்ட் பாசறையில் 77 பெண்களை அடைத்தார்கள். நூற்றாண்டின்போது 77 பெண்கள் ஆளுக்கொரு துண்டு தைத்து, ஒரே போர்வையாக இணைத்தார்கள். எங்கள் ஆச்சி பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த போர்வை நினைவுக்கு வந்தது. மார்கழியில் அதற்கு வீட்டில் அடிதடியே நடக்கும்.

அந்த எழுச்சியில் சரணடைய வெள்ளைக்கொடி ஏந்திப் போனவர் எலிசபெத் ஓஃபாரல் என்ற செவிலியர். எழுச்சித் தலைவர் பியர்ஸ் சரணடையும் படத்தில் அவருடைய காலணி மட்டும் தெரியும். அச்சான சில பிரதிகளில் அதையும் அழித்துவிட்டார்கள், பாவிகள்!

வ.உ.சி. சிறையில் செக்கிழுத்தபோது வெளியே அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பட்ட பாட்டை உங்கள் ஊர்க் கோரைப்பாயில் நெய்யலாமே? முதல் ஆளாக நான் வந்து பார்க்கிறேன்.