தொடர்களில் வரும் போர்டு ரூம் சண்டை எவ்வளவு நிஜம்?

நிறுவனத்தை மேற்பார்வையிடும் இயக்குநர் குழு (போர்டு) ஒரே கூட்டத்தில் அதன் தலைவரைத் தூக்கி எறிவதாகத் தொடர்களில் காட்டுகிறார்களே, நிஜத்தில் அப்படி நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கும், ஆனால் அபூர்வம். 2023 நவம்பரில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் இயக்குநர் குழு, தலைமைச் செயல் அதிகாரி சாம் ஆல்ட்மேனைத் திடீரென நீக்கியது. சில நாட்களிலேயே அவர் அதே பதவிக்குத் திரும்பிவிட்டார்.

தொடர்கள் தவறுவது வேறு இடத்தில். அங்கே கடைசி நொடியில் ஒருவர் கை தூக்கினால் எல்லாம் மாறிவிடும். நிஜத்தில் இயக்குநர்களிடம் முன்பே தனித்தனியாகப் பேசி முடித்திருப்பார்கள். பெரும்பாலும் கூட்டம் அதைப் பதிவு செய்யும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த '51 சதவீதப் பங்கு என் கையில்' வசனம். பங்கின் அளவும் வாக்கின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஃபோர்டு கார் நிறுவனத்தில் ஃபோர்டு குடும்பத்திடம் உள்ள பங்கு சிறு பகுதிதான். ஆனால் அவர்களின் 'பி' வகை என்னும் சிறப்புப் பங்குகளுக்கு 40 சதவீத வாக்குரிமை. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவில் மார்க் ஸக்கர்பெர்க்கிடம் பாதிக்கு மேல் வாக்குகள் இருக்கின்றன. மற்ற பங்குதாரர்கள் எல்லோரும் சேர்ந்தாலும் அவரைத் தோற்கடிக்க முடியாது. அதிகாரம் இப்படி விதிமுறை ஆவணங்களில்தான் உட்கார்ந்திருக்கிறது.

கணக்குகளைக் கண்காணிக்கும் தணிக்கைக் குழு, நிறுவனத்தோடு வேறு தொடர்பில்லாத சுயேச்சை இயக்குநர்கள், கடன் தந்த வங்கிகளின் நிபந்தனைகள் எதுவும் திரைக்கு வருவதில்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம். என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் தணிக்கைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு கணக்கியல் பேராசிரியர். அப்படியும் கணக்கு மோசடி அம்பலமாகி 2001இல் அந்த நிறுவனம் திவாலானது. ஏன் யாரும் கேள்வி கேட்கவில்லை என்பதை வைத்தே ஒரு முழு சீசன் எடுக்கலாம்.

ஒன்றை மட்டும் தொடர்கள் சரியாகக் காட்டுகின்றன: தலைவர் எதிரில் இருக்கும்போது விஷயம் தெரிந்தவர்களும் வாய் திறப்பதில்லை.