இன்குபேட்டரில் பொரித்த குஞ்சின் கால்கள் விரிந்து போனால் என்ன செய்வது?

ஈரோட்டில் வீட்டு இன்குபேட்டரில் பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சு, கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து எழ முடியாமல் கிடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றைக்கே கட்டுங்கள், முதல் இரண்டு நாளில் கட்டினால் பெரும்பாலும் தேறிவிடும்.

பேண்டெய்டை நீளவாக்கில் பாதியாக வெட்டுங்கள். நடுப் பஞ்சு இரு கால்களுக்கும் இடையில் வரட்டும். முனைகளை முட்டிக்குக் கீழே தளர்வாகச் சுற்றி ஒட்டுங்கள். இடைவெளி சுமார் 2.5 செ.மீ., அதாவது இயல்பாக நிற்கும் அகலம். பாதம் வீங்கினால் கட்டு இறுக்கம், உடனே அவிழ்த்துவிடுங்கள். தினமும் மாற்றிக் கட்டினால் 2 முதல் 4 நாளில் நடக்கும். அதுவரை அதுவாகத் தண்ணீருக்குப் போகாது. அலகை நனைத்துவிட வேண்டும்.

பெரும்பாலும் காரணம் வழுக்கும் தரைதான். செய்தித்தாள் விரிக்கவே கூடாது. பொரிக்கும் தட்டிலும் புரூடரிலும் (குஞ்சுகளைச் சூடாக வைத்து வளர்க்கும் பெட்டி) சணல் சாக்கு போடுங்கள். அடைவெப்பம் ஏறி இறங்கினாலும் கால் கெடும்: காற்றாடி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி நிலையாக இருக்கட்டும்.

விரல்கள் உள்ளே சுருண்டிருந்தால் அது வேறு. பி2 வைட்டமின் குறைவாக இருக்கலாம், தாய்க்கோழித் தீவனத்தையும் பாருங்கள். முட்டி வீங்கிக் கால் திருகியிருந்தால் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) விலகியிருக்கலாம். அதைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.