அன்றன்று

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். வயது நாற்பத்தாறு. மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். மூன்று ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. நாங்கள் சொல்வது அவருக்குப் புரிகிறது, பதில்தான் வருவதில்லை. சிகிச்சைக்காக நொவீனா வட்டாரத்துக்கு அழைத்துப் போய் வருகிறேன். அம்மா ஒரே ஒரு முறை என் பெயரைச் சொல்ல வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன்.

போன மாதம் வீட்டு ஜெபக் கூட்டத்தில் மூத்த சகோதரி ஒருவர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஒரு காரியத்தை ஒரு தடவை கேட்டு, பெற்றுக்கொண்டோம் என்று விசுவாசித்து ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்பது அவிசுவாசம். வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். உன் அவிசுவாசம்தான் அம்மாவின் நாவைக் கட்டியிருக்கிறது." அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே வாரம் அலுவலகத் தோழி ஒருவர் கேட்டார். அவர் இந்து, குத்தலாகக் கேட்கவில்லை. "உங்கள் கடவுளை அப்பா என்கிறீர்கள். எல்லாம் தெரிந்த அப்பாவிடம் எதற்காக மூன்று வருடம் கெஞ்ச வேண்டும்?" என்னிடம் பதில் இல்லை. ஞாயிறுப் பள்ளியில் வசனப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். என் விசுவாசம் என்னவென்று எனக்கே தெரியவில்லை என்பது வெட்கமாக இருக்கிறது.

இரவில் அம்மாவின் படுக்கையருகே பரமண்டல ஜெபம் சொல்லும்போது அவர் உதடு அசைவதுபோல் தெரிகிறது. என் ஆசைதான் அப்படிக் காட்டுகிறதோ என்னவோ.

பெயர் வெளியிட வேண்டாம்.

---

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் ஒரு வாக்கியம் என்னை உலுக்கிவிட்டது. அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் அம்மாவின் நாவை உங்கள் அவிசுவாசம் கட்டவில்லை. வலப்பக்கம் விழுந்து பேச்சும் போயிருக்கிறது என்றால் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை ஆளும் பகுதி அங்கேதான் இருக்கிறது. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டதும் சீடர்களுக்குத் தோன்றிய முதல் கேள்வி, யார் செய்த பாவம் என்பதுதான். "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றார் இயேசு. யோவான் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர் அன்றே தள்ளிய கேள்வியை எடுத்து நோயாளியின் மகள்மேல் வீசும் உரிமை ஜெபக் கூட்டத்தில் யாருக்கும் கிடையாது, எவ்வளவு மூத்தவராக இருந்தாலும். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

இனி அந்த மூத்த சகோதரி காட்டிய வசனம். அது மத்தேயு 6:7. பாதியில் நிறுத்தாமல் படியுங்கள்: "அவர்கள், அதிக வசனிப்பினால் தங்கள் ஜெபம் கேட்கப்படுமென்று நினைக்கிறார்கள்." சொற்களை அடுக்கினால் கடவுளை வளைத்துவிடலாம் என்ற எண்ணத்தைத்தான் இயேசு கண்டிக்கிறார். அடுத்த இரண்டு வசனங்களுக்குள் அவரே ஒரு ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கிறார். அதைத்தான் நீங்கள் இரவுதோறும் அம்மாவின் அருகே சொல்கிறீர்கள். பிறகு அதே மத்தேயுவில் 26-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். கெத்செமனே தோட்டம். சீடர்கள் தூங்குகிறார்கள். அவர் போய் ஜெபிக்கிறார், திரும்பி வருகிறார், மறுபடி போகிறார். "மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபம்பண்ணினார்." அந்த வார்த்தைகளையே! ஒரே வேண்டுதலைத் திரும்பக் கேட்பது அவிசுவாசம் என்று சொல்கிறவர், அந்த இரவைப் பற்றி என்ன சொல்வார்?

லூக்கா 18-ஆம் அதிகாரத்து விதவையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரசங்கங்களில் அவளை நாம் அழுதுகொண்டே நிற்கும் ஏழையாகப் பார்த்துப் பழகிவிட்டோம். அவள் கேட்டது இரக்கம் இல்லை, நியாயம். "எனக்கும் என் எதிராளிக்கும் இருக்கிற காரியத்தில் எனக்கு நியாயஞ்செய்யவேண்டும்" என்கிறாள். அந்தக் காலத்து நீதிமன்றத்தில் அவளுக்காகப் பேச ஆண்துணை இல்லை, நீட்டுவதற்குப் பணமும் இல்லை. நடக்கக் கால் இருந்தது. நியாயாதிபதியோ தேவனுக்கும் பயப்படாதவன், மனுஷரையும் மதிக்காதவன். கடைசியில் அவன் "இவள் அடிக்கடி வந்து என்னை அலட்டாதபடி" நியாயம் செய்துவிடலாம் என்று முடிவெடுக்கிறான். 'அலட்டாதபடி' என்று நம் பழைய மொழிபெயர்ப்பு அழகாகச் சொல்கிற இடத்தில், கிரேக்க மூலத்தில் கண்ணுக்குக் கீழே குத்துவதைக் குறிக்கும் சொல் இருக்கிறது. குத்துச்சண்டைக்காரர்களின் சொல் அது. ஒரு விதவையின் நடை அவனுக்கு அப்படி வலித்திருக்கிறது.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அந்த நியாயாதிபதியின் இடத்தில் கடவுளை வைத்துவிட்டு, தட்டித் தட்டித்தான் அவரை எழுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இயேசு சொல்வது நேர்மாறானது. இப்படிப்பட்டவனே நியாயம் செய்தான் என்றால், இரவும் பகலும் கூப்பிடுகிற தம் மக்களுக்குத் தேவன் செய்யாமல் இருப்பாரோ என்று கேட்கிறார். கதையை அத்தோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. "ஆகிலும் மனுஷகுமாரன் வரும்போது பூமியிலே விசுவாசத்தைக் காண்பாரோ" என்று ஒரு கேள்வியோடு முடிக்கிறார். இந்தக் கேள்வி அங்கே ஏன் வருகிறது என்று நான் பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். அந்தக் கதையில் விசுவாசம் என்று சொல்லத்தக்கது வேறு எதுவும் இல்லை. அவள் பெற்றுக்கொண்டேன் என்று அறிக்கை செய்யவில்லை. மறுநாள் காலையில் எழுந்து மறுபடியும் போனாள், அவ்வளவுதான். அப்படிப் போகிறவர்கள் கடைசிவரை இருப்பார்களா என்றுதான் அவர் கேட்கிறார். சகோதரி, மூன்று ஆண்டுகளாக நீங்கள் செய்துவருவதற்கு அவர் அவிசுவாசம் என்று பெயர் வைக்கவில்லை.

சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அண்ணன் ஆறு ஆண்டுகள் டயாலிசிஸில் இருந்தார். திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் நானும் கூடப் போவேன். முதலில் எடை பார்ப்பார்கள். போன தடவைக்குப் பிறகு உடம்பில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்பதை அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். தமனியையும் சிரையையும் இணைத்து அறுவை செய்த இடம் அவருடைய இடது முன்கையில் புடைத்திருக்கும். அதன்மேல் விரலை வைத்தால் பூனைக்குட்டியின் வயிற்றைத் தொட்டதுபோல் உள்ளே ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். தாதி முதல் ஊசியை ஏற்றும்போது அண்ணன் கண்ணை மூடிப் பரமண்டல ஜெபத்தைத் தொடங்குவார். இரண்டாவது ஊசியும் போய்ப் பிளாஸ்திரி ஒட்டி முடிக்கும்போது 'ஆமென்' வந்திருக்கும்.

அவர் மத்தேயுவில் உள்ளபடி 'இன்று' என்று சொல்லமாட்டார். லூக்கா 11-இல் உள்ளபடி "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை அன்றன்று எங்களுக்குத் தாரும்" என்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "திங்கட்கிழமை சுத்தம் செய்த ரத்தம் புதன்கிழமைக்குப் போதாது, தம்பி" என்றார். புதன்கிழமை அவர் மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்ததைத் திங்கட்கிழமைமேல் நம்பிக்கை இல்லாத செயல் என்று யாரும் சொன்னதில்லை. கேட்டுக்கொண்டே இருப்பது அந்த ஜெபத்துக்குள்ளேயே ஒரு சொல்லாக இருக்கிறது என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் எந்தப் போதகரும் அல்லர், அவர்தான். அதே 11-ஆம் அதிகாரத்தில் ஜெபம் முடிந்தவுடன் நடுராத்திரியில் மூன்று அப்பம் கேட்டு நண்பனின் கதவைத் தட்டுகிறவனின் கதை வருகிறது. அதை அடுத்து "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்." மூல மொழியில் அந்த வினைக்குக் கேட்டுக்கொண்டே இருங்கள் என்ற தொனி உண்டு.

தானமாக ஒரு சிறுநீரகம் கிடைக்க வேண்டும் என்று ஆறு ஆண்டுகளும் கேட்டோம். கிடைக்கவில்லை. அண்ணன் போய்விட்டார். இதை உங்களிடம் சொல்லாமல் விட்டால் நான் எழுதிய மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

ஆனால் நான் கண்ணால் பார்த்த ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு அவர் தமக்காக மட்டுமே ஜெபித்தார். பிறகு அடுத்த நாற்காலியில் இருந்த சீனப் பெரியவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் சந்தை மலாய் மட்டும். ஒரு வெள்ளிக்கிழமை அந்த நாற்காலி காலியாக இருந்தது. அண்ணன் கண்ணை மூடவே இல்லை. தாதியிடம் விசாரித்து, பெரியவர் காய்ச்சலில் மருத்துவமனையில் இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் ஜெபத்தைத் தொடங்கினார். 'எங்களுக்கு' என்ற சொல்லை அன்று அவர் அழுத்திச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. லூக்கா 11-இல் அந்தப் பகுதி எப்படி முடிகிறது என்று பாருங்கள். கேட்கிறவர்களுக்குப் பரமபிதா பரிசுத்த ஆவியைத் தருவது அதிக நிச்சயம் என்கிறார். நாம் கேட்ட பொருளைப் பற்றி அங்கே பேச்சில்லை. பவுல் தம் உடலில் இருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது. பதில் கேட்டதால்தான் அவர் நிறுத்தினார். உங்களுக்கு அப்படி ஒரு பதில் வரும்வரை கேளுங்கள். நடுவில் வேறொருவர் வந்து உங்களை நிறுத்த வேண்டியதில்லை.

உங்கள் தோழியின் கேள்வி மிக நல்ல கேள்வி. அவருக்கு நன்றி சொல்லுங்கள். 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோபா என்ற ரோமானிய விதவை, எப்படி ஜெபிப்பது என்று ஆயரான அகுஸ்தீனிடம் கேட்டார். அவர் எழுதிய நீண்ட பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. நம் தேவை கடவுளுக்குத் தெரியும், நாம் சொல்லித்தான் அவர் அறிய வேண்டும் என்பதில்லை. அவர் தரப்போவதை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நம் ஏக்கம் விரிய வேண்டும், அதற்காகவே கேட்கச் சொல்கிறார் என்பது அகுஸ்தீனின் விளக்கம். தாய் மோனிக்கா ஆண்டுக்கணக்காகக் கண்ணீரோடு ஜெபித்து, 387-இல் ஞானஸ்நானம் பெற்ற மகன் அவர். அதனால் அந்தப் பேச்சை நான் நம்புகிறேன். தோழியோடு பேசும்போது சுந்தரரை நினைவூட்டுங்கள். அவருக்கு உடனே புரியும். பார்வை இழந்த சுந்தரர் தலம் தலமாகப் போய்ச் சிவனிடம் உரிமையோடு சண்டை பிடித்தே கேட்டார். நம் இரு விசுவாசங்களும் வேறுவேறு. அதை மறைக்க வேண்டாம். ஆனால் நெருக்கமானவரிடம்தான் ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்பார் என்பது தமிழ் காதுக்குப் புதிதல்ல.

நொவீனாவுக்குப் போய் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயரையும் ஒருமுறை கவனியுங்கள். ஒன்பது என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒன்பது நாள் விடாமல் வேண்டுவதை நம் கத்தோலிக்கர் நவநாள் என்பார்கள். தாம்சன் சாலையில் இருக்கும் புனித அல்போன்சஸ் ஆலயத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் நவநாள் வழிபாட்டால்தான் அந்த வட்டாரத்துக்கும் எம்ஆர்டி நிலையத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. மக்கள் எழுதிக் கொடுக்கும் விண்ணப்பங்களையும் நன்றிக் கடிதங்களையும் அங்கே வாசிப்பார்கள். நான் மெத்தடிஸ்ட் சபையில் வளர்ந்தவன். எங்கள் வழக்கம் வேறு. ஆனாலும் அந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் லூக்காவின் விதவை நினைவுக்கு வருவாள்.

விசுவாசம் என்னவென்று தெரியவில்லை என்பதற்கு வெட்கப்படாதீர்கள். நம்மில் பலரும் வசனங்களை அறிந்த அளவுக்கு அதிகாரங்களை அறியாமல் வளர்ந்துவிட்டோம். புத்தாண்டு ஆராதனையில் கையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டை, வீட்டுச் சுவரில் மாட்டிய வசன நாட்காட்டி என்று ஒற்றை வரிகளோடு ஓட்டிவிடுகிறோம். ஒரு வரியை யாராவது நம்மேல் எறிந்தால், அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று தெரியாததால் அடி பட்டுக்கொள்கிறோம். லூக்காவை முதல் அதிகாரத்திலிருந்து தமிழில் வாய்விட்டுப் படியுங்கள். தினம் அரை அதிகாரம் போதும். அம்மாவின் அருகே உட்கார்ந்து படித்தால் அவரும் கேட்பார். புரியாததைக் குறித்துக்கொண்டு போதகரிடம் கேளுங்கள். கேள்வி கேட்டதற்காக நல்ல போதகர் முகம் சுளிக்கமாட்டார்.

கடைசியாக அம்மாவின் உதடு. அது உங்கள் கற்பனையாக இருக்க வேண்டியதில்லை. பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்கள் சிலருக்கு, சிறு வயதிலிருந்து மனப்பாடமான ஜெபமும் பாட்டும் எண்ணிக்கையும் மட்டும் தங்கியிருப்பது உண்டு. சொந்தமாக ஒரு சொல்லைக் கோக்க முடியாதவர்கள் பாட்டோடு சேர்ந்து பாடிவிடுவார்கள். இதை அடுத்த முறை பேச்சுச் சிகிச்சை தருபவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவருக்கு இது பயனுள்ள தகவல். பழைய ஏற்பாட்டில், பிள்ளை வரம் கேட்டு ஆலயத்தில் ஜெபித்த அன்னாளின் உதடுகள் மாத்திரம் அசைந்தபோது, ஆசாரியனான ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்தான். அவளுக்கு அருகே உட்கார்ந்து கவனிக்க ஆள் இல்லை. உங்கள் அம்மாவுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

இன்று இரவு ஜெபத்தை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். அம்மாவுக்குப் பழக்கமான சொற்களிலேயே சொல்லுங்கள். அண்ணனின் 'அன்றன்று' என்னோடு இருக்கட்டும். நடுநடுவே ஒரு சொல்லை முடிக்காமல் பாதியில் நிறுத்தி, மீதியை அவருக்கு விட்டுக்கொடுங்கள். அவர் உதடு என்ன செய்கிறது என்று எனக்கு எழுதுங்கள். அம்மாவுக்காக நானும் இன்றிலிருந்து கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்