கடல் தெய்வமும் மரண தெய்வமும் ஒரே வரத்தைத்தான் தர வேண்டுமா?

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை, 2014 விதிகளின்படி நடத்துகிறேன். குழுவில் இரண்டு கிளெரிக்குகள், அதாவது தெய்வ அருளால் மந்திரம் போடும் பூசாரிக் கதாபாத்திரங்கள். ஒருவர் கடல் தெய்வத்தைக் கும்பிடுகிறார், இன்னொருவர் மரண தெய்வத்தை. ஆனால் ஆட்டத்தில் இருவருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. தெய்வத்துக்குத் தெய்வம் புது மந்திரப் பட்டியல் எழுத வேண்டுமா?

பதில்: வேண்டாம். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு அந்த வழியில்தான் போனது. மந்திரங்களைத் துறைவாரியாகப் பிரித்து, எந்தப் பூசாரிக்கு எந்தத் துறை முழுவதும், எது மூன்றாம் நிலை மந்திரம் வரை மட்டும் என்று வகுத்தது. அழகான ஏற்பாடுதான், ஆனால் புதிதாக ஒரு தெய்வத்தைச் சேர்ப்பதற்குள் விடுமுறை நாளே போய்விடும்.

பட்டியலை விடுங்கள். தெய்வம் எப்போது இரங்கும், எதற்கு முகம் சுளிக்கும் என்பதை மட்டும் மாற்றுங்கள்.

கிளெரிக் 10-ம் நிலையை எட்டியதும் கிடைக்கும் 'டிவைன் இன்டர்வென்ஷன்' (தெய்வத்தை நேரடியாக உதவிக்கு அழைக்கும் திறன்) இதற்குத் தோதானது. 1 முதல் 100 வரை விழும் சதவீதப் பகடையில் கிளெரிக்கின் நிலைக்குச் சமமாகவோ குறைவாகவோ விழுந்தால் தெய்வம் இறங்கி வரும். அதாவது 10-ம் நிலையில் 10 சதவீத வாய்ப்பு. கடல் தெய்வத்துக்கு, அலை காலில் படும் இடத்தில் இதை 20 ஆக்குங்கள். தண்ணீரே கண்ணில் படாத இடத்தில் 5. அப்புறம் பாருங்கள், வரைபடத்தை விரித்ததுமே அந்த ஆட்டக்காரர் ஆறு எங்கே, குளம் எங்கே என்று தேடுவார்.

மரண தெய்வம்தான் சிக்கல். 'ரிவிவிஃபை' மந்திரம், செத்து ஒரு நிமிடத்துக்குள் இருப்பவரை எழுப்பும். 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் அதில் செலவாகும். வைரத்தை வாங்கிக்கொண்டு உயிரைத் திருப்பித் தரும் மரண தெய்வத்துக்கு யார் பயப்படுவார்கள்? அடியோடு தடை போட்டாலோ, அடி மொத்தக் குழுவுக்கும் விழும். அதனால் கடனாக்கிவிடுங்கள். எழுப்பலாம், ஆனால் அடுத்த அமாவாசைக்குள், சாவுக்குத் தப்பித் திரியும் ஒரு லிச்சையோ (சாகாத மந்திரவாதி) வாம்பயரையோ ஒழித்துக் கணக்கை நேர்செய்ய வேண்டும். தவறினால், கடன் தீரும்வரை அந்த கிளெரிக் யாரையும் எழுப்ப முடியாது. உங்களுக்கும் அடுத்த சாகசம் தயார். ஈடாக, 'ஸ்பீக் வித் டெட்' மந்திரத்தை நாளுக்கு ஒருமுறை ஸ்லாட் (நாளுக்கு இத்தனை மந்திரம் என்ற ஒதுக்கீடு) செலவின்றித் தரலாம். பிணத்திடம் ஐந்து கேள்வி கேட்பதால் சண்டையின் சமநிலை குலையாது, துப்புதான் கூடும்.

2024 விதிகளுக்கு மாறினால் ஒன்றைக் கவனியுங்கள். அதில் டிவைன் இன்டர்வென்ஷனுக்குச் சதவீதப் பகடை கிடையாது. ஐந்தாம் நிலை வரையுள்ள கிளெரிக் மந்திரம் ஒன்றை நேராகப் போடலாம். அப்போது இடத்தை விட்டுவிட்டு, எந்த மந்திரங்களுக்கு இந்தத் தெய்வம் சம்மதிக்கும் என்று ஐந்தாறை மட்டும் குறித்துக்கொடுங்கள்.

எதுவானாலும் இரு ஆட்டக்காரர்களிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆட்டத்தின் நடுவில், தோழன் செத்துக் கிடக்கும்போது இந்தக் கடன் விதியை எடுத்து நீட்டினால், கோபம் தெய்வத்தின் மேல் அல்ல, உங்கள் மேல்தான் வரும்.