நானூறு டாலருக்கு ஒரு காற்றுக்குழாய்: வாங்கலாமா?

கேள்வி (ஹூஸ்டன்): 2019ஆம் ஆண்டு ஜீப் கிராண்ட் செரோக்கி எஸ்.ஆர்.டி. வைத்திருக்கிறேன். 6.4 லிட்டர் ஹெமி எஞ்சின். இதற்கு கோல்ட் ஏர் இன்டேக் (எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்றைத் தரும் குழாயும் ஃபில்டரும்) மாட்டினால் 20 குதிரைத்திறன் கூடும் என்று விளம்பரம் சொல்கிறது. விலை 420 டாலர். நண்பர்களில் பாதிப் பேர் வாங்கு என்கிறார்கள், மீதிப் பேர் தண்டம் என்கிறார்கள். வாங்கலாமா? நானே மாட்டிக்கொள்ள முடியுமா?

பதில்: சத்தம் பிடித்திருந்தால் வாங்குங்கள். 20 குதிரைத்திறனுக்காக என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

உங்கள் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் 475 குதிரைத்திறன் தருகிறது. அந்த வேகத்தில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 19,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. இவ்வளவு காற்று போகும் வழியில் ஃபில்டர், அதை வைத்திருக்கும் பெட்டி, குழாய் எல்லாம் சிறிது தடை போடும். அந்தத் தடையைக் குறைப்பதும், உள்ளே போகும் காற்றைக் குளிர்ச்சியாக வைப்பதும்தான் இன்டேக் செய்யக்கூடிய இரண்டு வேலைகள். அப்படியென்றால் விளம்பரத்தைப் படிப்பதற்கு முன் கேட்க வேண்டியது, உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் பெட்டி எவ்வளவு தடை போடுகிறது என்பது. இதை நீங்களே அளக்கலாம். இருபது, முப்பது டாலருக்குக் கிடைக்கும், எஞ்சின் கம்ப்யூட்டரின் அளவுகளைப் படிக்கும் ஓ.பி.டி. ரீடரும் கைப்பேசியில் ஒரு செயலியும் போதும்.

எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் போட்டு, மேனிஃபோல்ட் அழுத்தத்தை, அதாவது காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழலின் அழுத்தத்தைப் பாருங்கள். அது வெளிக்காற்றின் அழுத்தம். ஹூஸ்டன் கடல் மட்டத்தை ஒட்டிய ஊர் என்பதால் 101 கிலோபாஸ்கல் அளவில் காட்டும். பிறகு பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு, நெரிசலில்லாத நெடுஞ்சாலை ஏறுபாதையில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, 6,000 சுற்றை நெருங்கும்போது அதே அளவைச் செயலியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். 98 என்று வந்தால், ஃபில்டரிலிருந்து த்ராட்டில் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்று வால்வு) வரை எல்லாம் சேர்ந்து விழுங்குவது வெறும் 3 சதவீதம். தடையே இல்லாத மாயக்குழாய் ஒன்றை மாட்டினால்கூட 475இல் 3 சதவீதம், அதாவது 14 குதிரைத்திறன்தான் உச்சவரம்பு. இதில் த்ராட்டிலின் பங்கை எந்தக் குழாயாலும் மீட்க முடியாது. ஆக, கையில் வருவது அதைவிடக் குறைவு. இது சுமாரான கணக்குதான், ஆனால் விளம்பரம் சொல்லும் எண்ணைவிட உங்கள் வண்டிக்கு நெருக்கமானது. அளவு 95க்குக் கீழே இறங்கினால் முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அது தூசியடைத்துக் கிடக்கும். புது ஃபில்டர் போட்டு மறுபடி அளந்துவிட்டு அப்புறம் குழாயைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்தது குளிர்ச்சி. காற்றின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். போதாததற்கு, உள்ளே வரும் காற்று சூடாக இருப்பதைச் சென்சார் சொன்னதும் எஞ்சின் கம்ப்யூட்டர் பற்றவைப்பு நேரத்தையும் பின்னுக்குத் தள்ளிவிடும், அதனாலும் திறன் குறையும். இந்த வகை வண்டிகளில் கம்பெனி பொருத்தும் பெட்டியே பெரும்பாலும் முன்பக்கத்து வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. மூடிய அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு, ஒரு தகட்டுத் தடுப்புக்குப் பின்னால் திறந்த கூம்பு ஃபில்டரை வைப்பதைத்தான் பல கிட்கள் செய்கின்றன. தகட்டின் மேல்விளிம்பில் உள்ள ரப்பர் பானெட்டோடு சரியாகப் பதியவில்லை என்றால், ஆகஸ்ட் மாத ஹூஸ்டன் நெரிசலில் அது ரேடியேட்டரைத் தாண்டி வந்த அனல் காற்றைக் குடிக்கும். பெயரில் மட்டும் குளிர் இருக்கும்! விளம்பரத்தில் வரும் குதிரைத்திறன் வரைபடம் பெரும்பாலும் பானெட்டைத் திறந்து, முன்னால் பெரிய விசிறியைச் சுழல விட்டு எடுத்தது. நீங்கள் பானெட்டைத் திறந்துகொண்டு அலுவலகம் போகப்போவதில்லை. எனவே வாங்குவதானால், ஃபில்டரை முழுதாக மூடும் பெட்டியோடு வரும் கிட்டைப் பாருங்கள். சத்தம் சற்றுக் குறையும், வெப்பமும் குறையும்.

சத்தத்துக்காகப் பணம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. காரில் நல்ல ஸ்பீக்கர் வாங்குகிறவரை யாரும் தண்டச்செலவு என்று திட்டுவதில்லை. வி8 எஞ்சின் மூச்சிழுக்கும் உறுமல் உங்களுக்கு 420 டாலர் பெறும் என்றால் அது உங்கள் கணக்கு.

மாட்டுவதைப் பொறுத்தவரை, சாக்கெட் செட்டும் ஸ்க்ரூடிரைவரும் பிடித்துப் பழகியவருக்கு ஒன்றிரண்டு மணி நேர வேலை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பழைய குழாயில் காற்றின் வெப்பத்தை அளக்கும் சிறிய சென்சார் ஒன்று செருகியிருக்கும். அதை உடைக்காமல் எடுத்துப் புதுக் குழாயில் செருக வேண்டும். சென்சாரின் இணைப்பியில் உள்ள பூட்டை முதலில் விடுவியுங்கள். அவசரத்தில் வயரைப் பிடித்து இழுத்து பிளாஸ்டிக்கை உடைப்பவர்கள்தான் அதிகம். குழாயைக் கழற்றியதும் த்ராட்டில் வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். அந்தப் பள்ளத்தில் ஒரு நட்டு விழுந்தால் செலவு ஆயிரங்களில் போகும். துணியின் ஒரு முனை வெளியே தொங்கட்டும், மறுபடி எடுக்க மறக்காமல் இருக்க. கிளாம்ப்கள் எல்லாவற்றையும் முதலில் தளர்வாகப் போட்டு, குழாய் எதிலும் உரசாமல் நிற்கிறதா என்று பார்த்தபின் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். முழு பலத்தையும் காட்டினால் சிலிகோன் ஹோஸ் கிழியும். கடைசியில் பானெட்டை மெல்ல இறக்கி, எங்காவது இடிக்கிறதா என்று பாருங்கள்.

ஹெமி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பல கார்களில் உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் இருக்கும். அதற்குப் பின்னால் குழாயில் எங்காவது காற்று கசிந்தால் எரிபொருள் கலவை கெட்டு எச்சரிக்கை விளக்கு எரியும், பி0171 போன்ற பிழைக் குறியீடு வரும். ஹெமியில் அந்தச் சென்சார் கிடையாது. மேனிஃபோல்ட் அழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்தே கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. அதனால் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இணைப்பு சரியாக உட்காராவிட்டால் விளக்கு எரியாது. வடிகட்டாத தூசி மட்டும் சத்தமில்லாமல் சிலிண்டருக்குள் போய்க்கொண்டிருக்கும். சில வாரம் ஓட்டியபின் குழாயைக் கழற்றி, உட்புறத்தை வெள்ளைத்துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மணல் போல நெருடினால் இணைப்பைச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

கழற்றிய பழைய பெட்டியைத் தூக்கி எறியவே வேண்டாம். ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

கேள்வி (சேக்ரமென்டோ): வேலை மாறி டெக்சஸிலிருந்து வந்தேன். என் டாட்ஜ் டுராங்கோ எஸ்.ஆர்.டி.யை இங்கே பதிவு செய்யப் போனபோது, ஸ்மாக் எனப்படும் வாகனப் புகைச் சோதனையில் இன்டேக்கைக் காரணம் காட்டித் தோல்வி என்று எழுதிவிட்டார்கள். புகையில் எந்தக் கோளாறும் இல்லை. '50 மாநிலங்களிலும் செல்லும்' என்று சொல்லித்தான் இன்டேக்கை விற்றார்கள்.

பதில்: புகை சரியாக இருப்பதைச் சொல்லி வாதிட்டுப் பயனில்லை. கலிஃபோர்னியாவில் எஞ்சின் கம்ப்யூட்டரைச் சோதிப்பதோடு, பானெட்டைத் திறந்து கண்ணால் பார்ப்பதும் சோதனையின் ஒரு பகுதி. அங்கே தேடுவது இ.ஓ. எண். மாநிலத்தின் காற்று வள வாரியம், அந்த உதிரிபாகம் மாசுக் கட்டுப்பாட்டைக் கெடுக்கவில்லை என்று பார்த்து அனுமதித்ததற்கான ஆணை எண் அது. 'டி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். எண் இல்லாத இன்டேக்கை மாநில வாகனச் சட்டத்தின் 27156ஆம் பிரிவு ஏற்பதில்லை.

தயாரிப்பாளரின் பெயரையும் உங்கள் வண்டியின் ஆண்டு, மாடல், எஞ்சின் அளவையும் வைத்து வாரியத்தின் இணையத் தரவுத்தளத்தில் தேடுங்கள். ஒரே இன்டேக் 5.7 லிட்டர் எஞ்சினுக்கு அனுமதி பெற்று, 6.4க்குப் பெறாமல் இருக்கலாம். உங்கள் ஆண்டு பட்டியலில் இருந்து ஸ்டிக்கர் மட்டும் தொலைந்திருந்தால், தயாரிப்பாளரிடம் கேட்டு மாற்று ஸ்டிக்கர் வாங்கி, கண்ணில் படும் இடத்தில் ஒட்டி மறுசோதனைக்குப் போங்கள். சோதனை நிலையத்தோடு கருத்து வேறுபாடு தீரவில்லை என்றால் இத்தகைய தகராறுகளைப் பார்க்கும் நடுவரான ஸ்மாக் செக் ரெஃபரியிடம் நேரம் வாங்கலாம். பட்டியலிலேயே இல்லை என்றால் பழைய பெட்டியைத் திரும்ப மாட்டுவதுதான் வழி. அது கையில் இல்லாதவர்கள் கழிவு வாகனக் கிடங்குகளில் அலைகிறார்கள்.

விற்றவரை விட்டுவிடாதீர்கள். 'செல்லும்' என்ற அந்த விளம்பர வரியின் படம், ரசீது, சோதனை அறிக்கை மூன்றையும் இணைத்து எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் ஆட்சேபம் பதியுங்கள். நாள் தள்ளினால் கெடு முடிந்துவிடும்.

கலிஃபோர்னியாவிலேயே புது வண்டி வாங்கியவர்களுக்கும் ஒரு சொல். முதல் எட்டு மாடல் ஆண்டுகளுக்கு ஈராண்டுச் சோதனை கிடையாது என்பதால், எண் இல்லாத இன்டேக்கை மாட்டிக்கொண்டு நிம்மதியாகச் சுற்றுகிறார்கள். கணக்குத் தீர்க்கும் நாள் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். மற்ற மாநிலங்களில் இருப்பவர்களும் எண் உள்ளதையே வாங்குவது நல்லது. மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைக் கலைக்கக் கூடாது என்ற மத்திய அரசின் தூய காற்றுச் சட்டம் எல்லா மாநிலங்களுக்கும் பொது.

கேள்வி (நியூ ஜெர்சி): ஏ.சி. கம்ப்ரஸர் பழுது. வண்டி வாரன்டியில்தான் இருக்கிறது. ஆனால் இன்டேக்கைப் பார்த்ததும், 'வெளியிலிருந்து வாங்கி மாட்டியதால் வாரன்டி முழுதும் ரத்து' என்கிறார் டீலர். உண்மையா?

பதில்: இல்லை. 1975ஆம் ஆண்டின் மேக்னுசன்–மாஸ் வாரன்டிச் சட்டப்படி, எங்கள் பாகத்தையே மாட்டினால்தான் வாரன்டி என்று நிபந்தனை போட முடியாது, அந்தப் பாகத்தை இலவசமாகத் தந்தாலொழிய. மறுப்பதானால், நீங்கள் மாட்டிய பொருள்தான் இந்தப் பழுதுக்குக் காரணம் என்று அவர்கள் காட்ட வேண்டும். காற்றுக்குழாய்க்கும் ஏ.சி. கம்ப்ரஸருக்கும் என்ன உறவு? வெளிப் பாகமோ வெளி மெக்கானிக்கோ என்றால் வாரன்டி போய்விடும் என்று எழுதி வைத்ததற்காக ஹார்லி டேவிட்சன் மீதே 2022இல் மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

சண்டை போட வேண்டாம். எந்தப் பாகம், எந்த வகையில், எந்தப் பழுதை உண்டாக்கியது என்று காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பல மறுப்புகள் அந்தக் காகிதத்துக்கு வருவதற்குள் மனம் மாறிவிடும். மாறாவிட்டால் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவு, அடுத்து மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவு. இந்தச் சட்டத்தின் கீழ் வழக்கில் வென்றால் வக்கீல் கட்டணத்தையும் எதிர்த்தரப்பு தரும்படி நீதிமன்றம் ஆணையிடலாம்.

அதே சட்டம் அவர்களையும் காக்கிறது என்பதை மறக்க வேண்டாம். சிலிண்டர் சுவரில் தூசி கீறிய தடம் இருந்து, உங்கள் ஃபில்டர் சரியாகப் பதியாமலும் இருந்தால், அந்த எஞ்சினுக்கு அவர்கள் கைவிரிப்பது நியாயம். எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றியிருந்தால் உங்கள் வாதம் இன்னும் பலவீனமாகும்.

கேள்வி (சிகாகோ): எண்ணெய் தடவிய ஃபில்டரா, உலர்ந்ததா?

பதில்: உலர்ந்தது. கழுவிய பின் எண்ணெயைத் தாராளமாகத் தடவிவிட்டு, மாஃப் சென்சார் உள்ள காரில் அதன் கம்பியை அழுக்காக்கிக்கொண்டவர்கள் ஏராளம். ஹெமியில் அந்தப் பயம் இல்லாவிட்டாலும், வேலை மிச்சம். ஏர் ஃபில்டர்களுக்கான சர்வதேசச் சோதனை முறையான ஐ.எஸ்.ஓ. 5011இல் சோதித்த வடிகட்டும் திறனை வெளியிடும் பிராண்டாகப் பாருங்கள். மண் சாலையில் அடிக்கடி போகிறவர் என்றால் கம்பெனியின் காகித ஃபில்டரை விட்டு நகரவே வேண்டாம்.

கேள்வி (அட்லான்டா): பழைய 2018 ஜீப் கிராண்ட் செரோக்கி ட்ராக்ஹாக் ஒன்றைப் பார்த்தேன். இன்டேக் போட்டிருப்பதைச் சொல்லி, சந்தை விலையைவிட 2,000 டாலர் கூடுதலாகக் கேட்கிறார்.

பதில்: கூடுதலாக ஒரு டாலரும் தராதீர்கள். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜரோடு 707 குதிரைத்திறன் தரும் அந்த வண்டிக்கு, முன்பக்கத்துப் பனி விளக்குகளையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆயில் கூலரையும் குளிர்காற்றுக் குழலையும் வைத்தது தயாரிப்பாளரே. புது இன்டேக் விலையே சில நூறு டாலர்தான். கூடவே மென்பொருளும் மாற்றியிருக்கிறதா என்று கேளுங்கள், சூப்பர்சார்ஜரை இன்னும் வேகமாகச் சுழற்றும் சிறிய புல்லி போட்டிருக்கிறதா என்று தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு பாருங்கள். இரண்டுமே எஞ்சின் பட்ட பாட்டைச் சொல்லும். கம்பெனி பொருத்திய பழைய ஃபில்டர் பெட்டி எங்கே என்றும் கேளுங்கள். அதைத் தர முடியவில்லை என்றால் விலையில் அதற்கும் கழித்துக்கொள்ளுங்கள்.